பிளேன்டி ஆறுவதற்குள் ஒக்டேவ்: பொறியியல் படிக்கப் போகிறவர்களுக்கு

உயர்தரப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, பல்கலைக்கழகக் கடிதத்துக்காக வீட்டில் காத்திருக்கும் அந்த மாதங்கள் மெல்லத்தான் நகரும். திருகோணமலையில் இருந்து பொறியியலுக்குப் போகிற பிள்ளைகள் பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ போவார்கள். சிலருக்குக் கிளிநொச்சி அறிவியல் நகர் கிடைக்கும், சிலருக்கு ஒலுவில், சிலருக்குக் காலிப் பக்கம் ருகுணு. எங்கே போனாலும் மட்லாப் அல்லது அதைப் போன்ற ஒரு கணிப்பு மென்பொருள் சீக்கிரமே முன்னால் வந்து நிற்கும். ஆய்வுகூடத்தில் பாடம் ஆங்கிலத்தில் வேகமாக ஓடும். இணைந்த கணிதத்தில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை, பக்கத்துத் திரையைப் பார்த்து வரி வரியாகப் பிரதி எடுப்பதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். கணக்குத் தெரியாமல் அப்படிச் செய்வதில்லை. கருவி கைக்குப் பழகவில்லை, அவ்வளவுதான். வீட்டில் இருக்கும் நாட்களில் இரண்டு கிழமை ஒதுக்கினால் அந்தத் தடுமாற்றம் போய்விடும்.

உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து பிள்ளைகளோடு இதைச் செய்து வருகிறேன். அங்கே ஒரே ஒரு கட்டுப்பாடுதான். கணினியிடம் எந்தக் கணக்கைக் கேட்டாலும், கேட்பதற்கு முன்பே அதன் விடை தோராயமாகவாவது உங்கள் தாளில் இருக்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அந்தப் பழக்கத்தில்தான் போகப் போகிறது.

எழுத்துமுறை பற்றி ஒரு விடயம். கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். நீங்கள் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். ‘பிளொட்’ என்று நான் எழுதினால் வரைபுக்கான அந்த ஆங்கிலச் சொல்லை அப்படியே அடியுங்கள். மாறிகளுக்கு நேரம், சூடு என்று தமிழ்ப் பெயர்தான் வைத்திருக்கிறேன். மென்பொருள் தமிழ் எழுத்தை மாறிப் பெயராக ஏற்காது. ஆகவே அதே சொல்லை, செல்பேசியில் செய்தி அனுப்பும்போது எழுதுவதுபோல, ஆங்கில எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இதற்கு வேறு வேறு என்பதை மறக்க வேண்டாம்.

எந்த மென்பொருள்?

நான்கு பெயர்கள் காதில் விழும்: மட்லாப், ஒக்டேவ், சைலாப், பைத்தன். தொழிற்சாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் அதிகம் பேசப்படுவது மட்லாப். ஆனால் அது காசு கொடுத்து வாங்க வேண்டியது. பல்கலைக்கழகம் அனுமதி வைத்திருந்தால் உள்ளே போன பிறகு கிடைக்கும். சைலாப் பிரான்சில் உருவான இலவச மென்பொருள். நல்லதுதான், ஆனால் கட்டளைகள் மட்லாபில் இருந்து ஆங்காங்கே விலகும். பைத்தன் பின்னால் எப்படியும் படிக்க வேண்டிய மொழி. அதில் கணிப்பு வேலைக்குத் தனித்தனிப் பொதிகளைச் சேர்க்க வேண்டியிருப்பதால், முதல் நாளே அதில் இறங்கினால் கணக்கை விட்டுவிட்டு நிறுவலோடு போராட வேண்டிவரும்.

இப்போதைக்கு ஒக்டேவ் போதும் என்பதுதான் என் முடிவு. முற்றிலும் இலவசம், இணைய இணைப்பு இல்லாமலே ஓடும், முதல் வருடத்தில் கேட்கப்படும் மட்லாப் கட்டளைகளில் பெரும்பாலானவை இதில் அப்படியே வேலை செய்யும்.

யாராவது பென்டிரைவில் பூட்டுடைத்த மட்லாப் தருவார்கள். வாங்காதீர்கள். நான் மாணவனாக இருந்தபோது ஒரு நண்பரிடம் இருந்து அப்படி ஒன்றை வாங்கிப் போட்டு, கூடவே வந்த வைரஸால் அரையாண்டு ஆய்வுகூடக் குறிப்புகள் முழுவதையும் இழந்தேன். அவற்றைத் திரும்ப எழுத மூன்று வாரம் போனது.

நிறுவுதல்

ஒக்டேவின் சொந்த இணையத்தளத்தில் பதிவிறக்கப் பக்கம் இருக்கிறது. விண்டோஸ் என்றால் 64 பிட் நிறுவியை எடுங்கள். அது சில நூறு எம்பி வரும். செல்பேசி டேட்டாவில் இறக்குவதாக இருந்தால் இரவு நேர டேட்டாவைப் பயன்படுத்துங்கள். ஒருவர் இறக்கினால் அதே கோப்பை மற்றவர்களுக்குக் கொடுக்கலாம், இதில் சட்டச் சிக்கல் ஏதும் இல்லை. நிறுவி முடிந்ததும் வன்தட்டில் ஜிபி கணக்கில் இடம் பிடிக்கும், ஆகவே முதலில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். உபுண்டு வைத்திருப்பவர்கள் அதன் மென்பொருள் களஞ்சியத்திலேயே தேடி எடுக்கலாம்.

முதல் தடவை திறக்கும்போது கொஞ்சம் நேரம் எடுக்கும். உறைந்துவிட்டது என்று நினைத்து மூடிவிடாதீர்கள்.

லெப்டொப்பே இல்லாதவர்கள் ஒக்டேவ் ஒன்லைன் என்ற தளத்தில் உலாவிக்குள்ளேயே செய்து பார்க்கலாம். செல்பேசியில் அடைப்புக்குறிகளைத் தட்டச்சு செய்வது சிரமம், என்றாலும் வரி வரியாகப் பழகுவதற்கு அது தாராளம்.

முதல் வரி: மீன் சந்தைக் கணக்கு

திறந்ததும் பல கட்டங்கள் தெரியும். இப்போது உங்களுக்கு வேண்டியது கட்டளைச் சாளரம் மட்டும்தான். இரண்டு அம்புக்குறிகள் சேர்ந்தாற்போல் ஒரு குறி கண் சிமிட்டிக்கொண்டிருக்கும் இடம். அங்கே கூட்டல் கழித்தல் செய்து பாருங்கள். சாதாரணக் கணிகருவி போலவே இருக்கும். அப்புறம் இந்தக் கணக்குக்கு வருவோம்.

சந்தையில் ஒருவர் 2 கிலோ சூடையும் 1 கிலோ பாரையும் வாங்கி 2600 ரூபாய் கொடுக்கிறார். இன்னொருவர் 1 கிலோ சூடையும் 3 கிலோ பாரையும் வாங்கி 5300 கொடுக்கிறார். ஒரு கிலோ என்ன விலை? விலைகள் பயிற்சிக்காக நான் வைத்தவை. முதலில் தாளில் செய்யுங்கள். சூடை 500, பாரை 1600. இப்போது கட்டளைச் சாளரத்தில்:

[2 1; 1 3] \ [2600; 5300]

என்டர் தட்டினால் 500, 1600 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்.

“சேர், இவ்வளவு சின்னக் கணக்குக்கு கம்பியூட்டர் எதுக்கு?” என்று ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. இரண்டு மீனுக்குத் தேவையில்லை. ஆனால் ஒரு பாலத்தின் சட்டகத்தில் நாற்பது உறுப்புகளின் விசையைக் காண நாற்பது ஒருங்கமை சமன்பாடுகள் வரும்போதும் இதே வரிதான், இதே சாய்கோடுதான். பெரிய கணக்கின் விடையைத் தாளில் சரிபார்க்க முடியாது. அதனால்தான் சிறிய கணக்கில் கருவியின் குணத்தைப் படித்துவைக்கிறோம்.

அந்த வரியை நிதானமாகப் பாருங்கள். சதுர அடைப்புக்குள் இருப்பது எண்களை நிரை நிரலாக அடுக்கிய ஒரு தாயம். இடைவெளி விட்டால் அதே நிரையில் அடுத்த எண். அரைப்புள்ளி போட்டால் அடுத்த நிரை. பின்பக்கம் சாய்ந்த கோட்டுக்கு ‘இடப்பக்கத் தாயத்தால் தீர்’ என்று பொருள். நேர்மாறுத் தாயம் கண்டு பெருக்கும் வழியும் உண்டு, பாடப்புத்தகத்தில் அப்படித்தான் படித்திருப்பீர்கள். கணினியில் அதைச் செய்ய வேண்டாம். சாய்கோடு நேர்மாறைக் காணாமல், நீங்கள் தாளில் மாறிகளை நீக்கிக்கொண்டு போவது போலவே செய்கிறது. வேகமும் கூட, பிழையும் குறைவு.

இப்போது வேண்டுமென்றே ஒரு தவறு செய்வோம். வலப்பக்கத்தில் அரைப்புள்ளியை எடுத்துவிடுங்கள்:

[2 1; 1 3] \ [2600 5300]

சிவப்பு எழுத்தில் ஒரு வரி வரும். அதன் கடைசியில் முதலாவது 2 பெருக்கல் 2, இரண்டாவது 1 பெருக்கல் 2, இவை பொருந்தவில்லை என்று ஆங்கிலத்தில் இருக்கும். புதிதாக வருபவர்கள் சிவப்பைக் கண்டதும் சாளரத்தையே மூடிவிடுகிறார்கள். இந்தப் பிழைச் செய்தி உங்களுக்கு உதவத்தான் வருகிறது. இரண்டு தாயங்களின் அளவையும் அதுவே எண்ணிச் சொல்லிவிட்டது. பிழைச் செய்தி வந்தால் முதலில் அதில் உள்ள எண்களைப் படியுங்கள்.

அதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது அடுத்த தவறு. இரண்டாமவர், முதலாமவர் வாங்கியதன் இரண்டு மடங்கை வாங்கினார் என்று வையுங்கள். 4 கிலோ சூடை, 2 கிலோ பாரை, 5200 ரூபாய்.

[2 1; 4 2] \ [2600; 5200]

தாளில் செய்தால் இரண்டும் ஒரே சமன்பாடு என்று உடனே தெரியும். ஒரு தனி விலையைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஒக்டேவ் ஓர் எச்சரிக்கை வரி காட்டும். காட்டிவிட்டு 1040, 520 என்று விடையும் தரும்! பொருந்தக்கூடிய எண்ணற்ற விடைகளில் மிகச் சிறிய அளவுடைய ஒன்றை அது தானாகவே தெரிவுசெய்திருக்கிறது. மட்லாப் இதே கணக்குக்கு எச்சரிக்கையோடு ‘எண் அல்ல’ என்ற குறியைத் தரும். எச்சரிக்கையைப் படிக்காமல் விடையை மட்டும் எழுதிக்கொண்டு போகிற மாணவர், பாரை கிலோ 520 ரூபாய் என்று அறிக்கையில் போட்டுவிடுவார். எங்கள் சந்தையில் பாரை வாங்கிய எவரும் அதை நம்ப மாட்டார்கள்.

புள்ளி வைப்பதா, வேண்டாமா

முதல் மாதத்தில் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. மூன்று வகை மீன், மூன்று எடை, மூன்று விலை. ஒவ்வொன்றுக்கும் ஆன காசு வேண்டும் என்றால்:

[2 1 3] .* [500 1600 800]

1000, 1600, 2400 வரும். நட்சத்திரக் குறிக்கு முன்னால் உள்ள புள்ளி, ‘ஒவ்வொன்றையும் அதன் சோடியோடு பெருக்கு’ என்கிறது. புள்ளி இல்லாவிட்டால் அது தாயப் பெருக்கல். இந்த இடத்தில் அளவு பொருந்தாது, பிழைச் செய்தி வரும், நீங்கள் தப்பிவிடுவீர்கள்.

தப்ப முடியாத இடம் வேறு. சதுரத் தாயத்தின் வர்க்கம்:

[2 1; 1 3] ^ 2
[2 1; 1 3] .^ 2

முதல் வரிக்கு 5 5, 5 10. இரண்டாவதற்கு 4 1, 1 9. இரண்டுமே சரியான கணக்குகள், எந்த எச்சரிக்கையும் வராது. எதை நினைத்தீர்கள் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். இன்னொன்றும் அடித்துப் பாருங்கள்:

[1 2 3] + [10; 20]

நிரையும் நிரலும் எப்படிக் கூடும் என்று நினைப்பீர்கள். ஒக்டேவ் சத்தமில்லாமல் 11 12 13, 21 22 23 என்று இரண்டு நிரைத் தாயம் ஒன்றைத் தரும். தெரிந்து செய்தால் இது பெரிய வசதி. தெரியாமல் நடந்தால், ஏழு விடை வரவேண்டிய இடத்தில் நாற்பத்தொன்பது வந்து நிற்கும். இடப்பக்கத்து மாறிப் பட்டியலில் ஒவ்வொன்றின் அளவும் எழுதியிருக்கும். விடை விசித்திரமாக இருந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

கோணம், மடக்கை, அப்புறம் 0.1

கணிகருவியில் பாகையில் வைத்துப் பழகிய கை இங்கேயும் 30இன் சைனைக் கேட்கும். மறை 0.988 என்று வரும். இது ஆரையனில்தான் கணக்கிடும். பாகையில் வேண்டும் என்றால் ‘சைன்’ கட்டளையின் முடிவில் டி என்ற எழுத்தைச் சேர்த்து ‘சைன்டி’ என்று கேட்க வேண்டும், அப்போது 0.5 வரும். 0.5 என்று முன்பே தெரிந்த கோணத்தில் சோதித்துவிட்டுத்தான் தெரியாத கோணத்துக்குப் போக வேண்டும். மடக்கையிலும் இதே வில்லங்கம் உண்டு. இங்கே ‘லாக்’ என்றால் இயற்கை மடக்கை. பத்தின் அடி வேண்டும் என்றால் கடைசியில் 10 சேர்த்து ‘லாக்10’.

இந்த வரியை எல்லாரிடமும் அடிக்கச் சொல்வேன்:

0.1 + 0.2 == 0.3

இரட்டைச் சமக்குறி ‘சமமா?’ என்று கேட்கிறது. ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. வரும் விடை 0! கணினி பழுதாகவில்லை. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடிவில்லாமல் போகும் அல்லவா, அதுபோலத்தான் பத்தில் ஒன்று துவித எண்முறையில் முடிவில்லாமல் போகும். கணினி ஓர் எண்ணுக்கு 64 பிட் இடம்தான் ஒதுக்குகிறது. 1985இல் வந்த ஐஇஇஇ 754 நியமப்படி, அதற்குள் ஏறத்தாழ 15, 16 தசம இலக்கங்கள் அடங்கும். மீதி வெட்டுப்படும். 0.1 + 0.2 - 0.3 என்று கேட்டால் பூச்சியத்துக்குப் பதிலாக 5.55ஐப் பத்தின் மறை 17ஆம் அடுக்கால் பெருக்கிய அளவு ஒரு சிறு மிச்சம் தெரியும்.

அந்தச் சிறு மிச்சம் எப்போதும் சிறியதாகவே இருக்கும் என்று எண்ண வேண்டாம். 1991 பெப்ரவரி 25இல் சவூதி அரேபியாவின் தஹ்ரானில், பேட்ரியட் எதிர் ஏவுகணைத் தொகுதி வரும் ஏவுகணையைத் தவறவிட்டு 28 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். அதன் கடிகாரம் பத்தில் ஒரு செக்கனை வெட்டிச் சுருக்கிய துவித எண்ணால் பெருக்கி நேரம் கணித்தது. ஏறத்தாழ 100 மணி நேரம் தொடர்ந்து ஓடியதில் அந்த வெட்டு 0.34 செக்கனாகச் சேர்ந்துவிட்டது. ஆகவே தசம எண்களை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிடாதீர்கள். வித்தியாசம் ஒரு சிறு அளவுக்குள் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

கோப்பாக எழுதுவது

ஐந்து வரிக்கு மேல் போனால் கட்டளைச் சாளரத்தை விட்டுவிட்டுத் தொகுப்பான் கட்டத்துக்கு மாறுங்கள். அங்கே எழுதி, சேமித்து, எஃப்5 விசையைத் தட்டினால் எல்லா வரிகளும் மேலிருந்து கீழே ஓடும். வரியின் முடிவில் அரைப்புள்ளி போட்டால் விடை திரையில் வராது, கணக்கு மட்டும் நடக்கும். நூறு எண் உள்ள தாயத்துக்கு அரைப்புள்ளி போட மறந்தால் திரை நிரம்பி வழியும். நிற்காமல் ஓடினால் கொன்ட்ரோல் விசையோடு சி.

கோப்புப் பெயரில் இடைவெளி, கழித்தல் கோடு, தமிழ் எழுத்து எதுவும் வேண்டாம். எண்ணிலும் தொடங்க வேண்டாம். முக்கியமாக, இருக்கும் கட்டளையின் பெயரை உங்கள் கோப்புக்கு வைக்காதீர்கள். ஒரு தங்கை தன் முதல் கோப்புக்கு ‘பிளொட்’ என்றே பெயர் வைத்துவிட்டாள். வரைபு வரைய ஒக்டேவ் அந்தக் கட்டளையைத் தேடியபோது அவளுடைய கோப்பையே திரும்பத் திரும்ப அழைத்தது. அரை மணி நேரம் இரண்டு பேரும் வரிகளில் பிழை தேடினோம். வரிகளில் ஒரு பிழையும் இல்லை.

புதிய கோப்பை முதல் தடவை ஓட்டும்போது, கோப்பு இருக்கும் கோப்புறைக்கு மாறவா என்று ஒரு பெட்டி கேட்கும். மாறச் சொல்லுங்கள்.

பிளேன்டி ஆறும் கணக்கு

இப்போது முழுதாக ஒரு வேலை. ஒரு கோப்பை பிளேன்டி, ஒரு வெப்பமானி, செல்பேசிக் கடிகாரம். சீனி போடுவது உங்கள் விருப்பம், குடிக்காமல் இருப்பது மட்டும் முக்கியம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வெப்பநிலையைத் தாளில் எழுதுங்கள். அறை வெப்பநிலையையும் குறியுங்கள், மின்விசிறி ஓடுகிறதா என்பதையும் எழுதுங்கள். உங்களிடம் வெப்பமானி இல்லாவிட்டால் இந்தப் பயிற்சி எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். அறை 30 பாகை செல்சியஸ்.

நேரம் = 0:5:30;
சூடு = [80 69 60.4 53.7 48.5 44.4 41.3];
பிளொட்(நேரம், சூடு, '*')

முதல் வரி 0 தொடங்கி ஐந்தைந்தாக 30 வரை ஏழு எண்களை உண்டாக்கும். மூன்றாவது வரி புதிய சாளரத்தில் ஏழு நட்சத்திரங்களைப் போடும். வேகமாக இறங்கி, பிறகு மெதுவாகும் வளைவு. புள்ளிகளைக் கோடு போட்டு இணைக்க வேண்டாம். அளந்தது ஏழு புள்ளிகள்தான், நடுவில் நீங்கள் அளக்கவில்லை.

நியூட்டனின் குளிரல் விதி நினைவில் இருக்கும். வெப்பநிலை இறங்கும் வேகம், அறையைவிட எவ்வளவு சூடோ அதற்கு விகிதசமம். அப்படியானால் அந்த மேலதிகச் சூட்டின் இயற்கை மடக்கையை நேரத்தோடு வரைந்தால் நேர்கோடு வரவேண்டும்.

தாளில் முதலில். தொடக்கத்தில் மேலதிகம் 50, பத்து நிமிடத்தில் 30.4, பதினைந்து நிமிடத்தில் 23.7. அதாவது பதினைந்து நிமிடத்துக்குள் பாதியைத் தாண்டி இறங்கிவிட்டது, பதினான்கு நிமிடத்தில் பாதி என்று வைக்கலாம். 2இன் இயற்கை மடக்கை 0.69. அதைப் பதினான்கால் வகுத்தால் 0.05 அளவு. படித்திறன் மறை 0.05க்கு அருகில் வரவேண்டும். அதைத் தாளில் வட்டமிட்டு வைத்துவிட்டு:

மேலதிகம் = சூடு - 30;
கோடு = பொலிஃபிட்(நேரம், லாக்(மேலதிகம்), 1)

கடைசியில் உள்ள 1, முதலாம் படி, அதாவது நேர்கோடு வேண்டும் என்கிறது. இரண்டு எண்கள் வரும். முதலாவது ஏறத்தாழ மறை 0.0497, அதுதான் படித்திறன். இரண்டாவது 3.91, வெட்டுத்துண்டு. அதன் அடுக்குக்குறிச் சார்பை எடுத்தால் 50க்கு மிக அருகில் வரும், நாம் தொடங்கிய 80இல் இருந்து 30ஐக் கழித்தால் வருவதும் அதுதான். தாளோடு இரண்டு இடத்தில் பொருந்துகிறது. இனி இதை நம்பி அடுத்த கேள்வி கேட்கலாம். குடிக்கக்கூடிய 40 பாகைக்கு எப்போது இறங்கும்?

(கோடு(2) - லாக்(10)) / -கோடு(1)

32.4 நிமிடம். அடைப்புக்குள் 1, 2 என்று இருப்பது முதலாவது, இரண்டாவது எண் என்பதற்கு. எண்ணிக்கை இங்கே ஒன்றில் தொடங்கும். பைத்தனில் பூச்சியத்தில் தொடங்கும் என்பதை இப்போதே காதில் போட்டு வையுங்கள்.

இனி குழப்பிப் பாருங்கள். அறை வெப்பநிலையை 30க்குப் பதில் 25 என்று வைத்து மீண்டும் ஓட்டி, மடக்கைப் புள்ளிகளையும் கோட்டையும் ஒரே படத்தில் வரையுங்கள். ‘பொலிஃபிட்’ இப்போதும் எந்த முறைப்பாடும் இல்லாமல் இரண்டு எண் தரும். ஆனால் புள்ளிகள் கோட்டை ஒட்டி நிற்காமல் வில்போல் வளையும். எண்ணை மட்டும் பார்த்தால் பிழை தெரியாது, படத்தைப் பார்த்தால் தெரியும். அறையை 45 என்று வைத்தால் இன்னும் விநோதம். கடைசி இரண்டு மேலதிகங்களும் மறை எண்ணாகி, அவற்றின் மடக்கை சிக்கலெண்ணாக வந்துவிடும். எதிர்பாராமல் விடையில் ஐ என்ற எழுத்து ஒட்டிக்கொண்டு வந்தால், மறை எண்ணின் மடக்கையையோ வர்க்கமூலத்தையோ எங்காவது கேட்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

வரைபில் அச்சுப் பெயரும் அலகும் இல்லாமல் யாரிடமும் காட்டாதீர்கள். ‘எக்ஸ்லேபிள்’, ‘வைலேபிள்’ என்ற இரண்டு கட்டளைகள் அதற்கு உண்டு.

பெயர் எங்கிருந்து வந்தது

1970களின் பிற்பகுதியில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கிளீவ் மோலர் என்ற கணிதப் பேராசிரியர், தன் மாணவர்கள் போர்ட்ரான் மொழி எழுதாமலே தாயக் கணக்குகளைச் செய்யட்டும் என்று ஒரு சிறு கருவியை எழுதினார். தாயம், ஆய்வுகூடம் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களின் முன்பகுதிகளைச் சேர்த்தால் மட்லாப். 1984இல் அது நிறுவனமானது. ஒக்டேவும் மாணவர்களுக்காகவே தொடங்கியது. இரசாயன எதிர்த்தாக்கிகளின் வடிவமைப்புப் பற்றிய ஒரு பாடநூலுக்குத் துணையாக நினைக்கப்பட்டு, 1992இல் ஜோன் ஈட்டன் முழுநேரமாக எழுத ஆரம்பித்தார். 1.0 பதிப்பு 1994இல் வந்தது. ஒலிச் சுரங்களுக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. ஈட்டனுக்குக் கற்பித்த இரசாயனப் பொறியியல் பேராசிரியர் ஒக்டேவ் லெவன்ஸ்பீலின் பெயர் அது. கடித உறையின் முதுகில் நாலு வரி கிறுக்கித் தோராய விடையை உடனே சொல்லிவிடுவதில் அவர் பேர்போனவர். தாளில் முதலில் போடுங்கள் என்று நான் பிள்ளைகளை நச்சரிப்பதற்கு, மென்பொருளின் பெயரே எனக்குத் துணை.

வாய்க்காலின் குறுக்குவெட்டு

குடிசார் பொறியியல் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு சிறிய கணக்கு. மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கும் பக்கம் தோணி வைத்திருப்பவர்களிடம், ஆழம் எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். கயிற்றில் பாரம் கட்டி இறக்குவோம் என்பார்கள். ஒரு சிறு வாய்க்காலில் அதே வழியில் 5 மீற்றருக்கு ஒரு தடவை ஆழம் எடுத்ததாக வைப்போம்: 0, 1.2, 2.1, 2.8, 2.4, 1.5, 0 மீற்றர். குறுக்குவெட்டுப் பரப்பு என்ன?

தாளில்: இரு முனைகளும் பூச்சியம், நடு ஆழங்களின் கூட்டுத்தொகை 10, ஐந்தால் பெருக்கினால் 50 சதுர மீற்றர். சரிவக விதி அவ்வளவுதான்.

ஆழம் = [0 1.2 2.1 2.8 2.4 1.5 0];
ட்ராப்ஸ்(0:5:30, ஆழம்)

50 வரும். ‘ட்ராப்’ என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசியில் இசட் எழுத்து. ஆழத்தை மட்டும் கொடுத்துத் தூரத்தை விட்டுவிட்டால் இடைவெளி 1 என்று அதுவாகவே எடுத்துக்கொண்டு 10 என்று சொல்லும். ஐந்தில் ஒரு பங்கு! பரப்பை நீரோட்ட வேகத்தால் பெருக்கினால் ஒரு செக்கனுக்கு எவ்வளவு நீர் போகிறது என்று வரும். அந்தக் கணக்கில் ஐந்து மடங்கு பிழைத்தால் கட்டும் மதகு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு

அங்கே மட்லாப் இருந்தால், வீட்டில் ஒக்டேவில் எழுதியது அங்கே ஓட வேண்டும். குறிப்பு வரிகளுக்கு சதவீதக் குறியையே போடுங்கள், ஒக்டேவ் ஏற்கும் வேலிக் குறியை (#) மட்லாப் ஏற்காது. எழுத்துத் தொடர்களுக்கு ஒற்றை மேற்கோள். மடக்கு வளையங்களை முடிக்க ‘எண்ட்’ மட்டும். கூட்டலையும் சமக்குறியையும் ஒட்டி எழுதும் சுருக்கம் மட்லாபில் இல்லை. ஒரே கோப்பில் உங்கள் சொந்தச் சார்புகளை மேலே எழுதுவதாக இருந்தால், ஒக்டேவில் முதல் வரியாக

1;

என்று போட வேண்டும். இல்லாவிட்டால் முழுக் கோப்பையும் ஒரு சார்பு என்று எடுத்துக்கொள்ளும். மட்லாபின் பழைய பதிப்புகளில் சார்புகள் கோப்பின் கடைசியில்தான் இருக்க வேண்டும்.

கட்டுப்பாட்டுப் பொறியியல், சமிக்ஞைக் கட்டளைகள் ஒக்டேவில் தனிப் பொதிகளாக இருக்கும். ‘கட்டளை இல்லை’ என்று சொன்னால் பெரும்பாலும் பொதியை ஏற்றவில்லை என்றுதான் பொருள். கட்டங்களை இழுத்து இணைக்கும் சிமுலிங்க் ஒக்டேவில் கிடையாது. அது வேண்டும் என்றால் சைலாபோடு வரும் எக்ஸ்கொஸ் இருக்கிறது. வகையீட்டுச் சமன்பாடுகளுக்கு ‘ஓடிஇ45’ என்று ஒரு கட்டளை வரும். பிளேன்டிக் கணக்கையே அதில் மறுபடி செய்து பாருங்கள், விடை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

வரும் ஞாயிறு என் பிள்ளைகளை வெப்பமானியோடு கன்னியாவுக்குக் கூட்டிப்போகிறேன். ஏழு கிணறு, ஏழு வெப்பநிலை, கிணறு ஒன்றுக்கு மூன்று அளவீடு. 7 பெருக்கல் 3 தாயம் ஒன்று. அதன் ஒவ்வொரு நிரைக்கும் சராசரி வேண்டும். ‘மீன்’ என்ற கட்டளை, நம் சந்தை மீன் இல்லை, சராசரிக்கான ஆங்கிலச் சொல், சொல்லாமல் விட்டால் நிரலுக்குத்தான் சராசரி எடுக்கும். நிரைக்கு வேண்டும் என்றால் அடைப்புக்குள் காற்புள்ளி போட்டு 2 என்று சேர்க்க வேண்டும். ஏழு விடை வருகிறதா, மூன்று வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள்.